ஆறு கிழமையா தோல் கடி (அரிப்பு) நிக்கேல்லையா? இப்பிடிப் பாருங்கோ
கொழும்பு வேர்வைக்குக் கடிக்கத்தான் செய்யும், ஆனா 6 கிழமைக்கு மேல போனா அது நாட்பட்ட கடி, விட்டுட்டு இருக்கக்கூடாது. முதல்ல, இரவில கூடுதலாக் கடிக்குதா, விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்புப் பக்கமா, வீட்டில இன்னொராளுக்கும் கடிக்குதா எண்டு பாருங்கோ. அப்பிடியெண்டா அனேகமா சிரங்கு (ஸ்கேபிஸ், தோலுக்குள்ள போற சின்னப் பூச்சியால வாறது, ஒட்டும்). டொக்டர் அந்தப் பூச்சியைக் கொல்லுற 5% பெர்மெத்ரின் கிரீம் தந்தா கழுத்துக்குக் கீழ ஒரு இடமும் விடாம பூசி, 8 - 14 மணித்தியாலம் விட்டு கழுவி, ஒரு கிழமையால திரும்பப் பூசுங்கோ, வீட்டில எல்லாரும் ஒரே நாளில பூசோணும், அறை எடுத்து இருக்கிறவை ரூம்மேட்டையும் சேருங்கோ (வெக்கப்பட்டு மறைச்சா திரும்ப வரும்). பெட்ஷீட், உடுப்பு சுடுதண்ணியில. பூசின பிறகும் ரெண்டு மூண்டு கிழமை கடிக்கலாம், பயந்து திரும்பத் திரும்பப் பூசாதேங்கோ.
வட்டமா ஓரம் சிவந்திருந்தா அனேகமா படர்தாமரை, அது பங்கசு (பூஞ்சை) தொற்று. இதுக்கு பார்மசியில கேட்டு ஸ்டீரொய்ட் கிரீம் பூசுறதுதான் எனக்கு விசர் வாற விசயம், கடி குறையும், பங்கசு பரவும்.
வறண்ட தோலுக்கு குளிச்ச உடன மொய்ஸ்சரைசர்.
தோலில ஒண்டுமே இல்லாம உடம்பெல்லாம் கடிச்சா சிறுநீரகம், ஈரல், தைரொய்ட், இரும்புச்சத்து பாக்க ரத்தம் குடுங்கோ.