அபின் ஒழிப்பு ஆவணங்களை வாசிப்பது எப்படி: நீரிணைக் குடியேற்றங்களை முன்வைத்து

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் அபின் பழக்கத்தைக் குறைக்க பிரிட்டிஷ் அரசு என்ன செய்தது என்று ஆராயப் புகுபவர், ஆளுநர் உரைகளைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் ஆண்டு வருவாய்க் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வருவாயில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்தே வந்தது. இதை மனத்தில் இருத்தாமல் படித்தால் அரசின் நல்லெண்ணம் மட்டுமே கண்ணில் படும்.

அடுத்து, எந்த ஆண்டில் விற்றவர் யார் என்பதைப் பிரித்துக்கொள்ளவும். 1909 இறுதி வரை சண்டு, அதாவது புகைப்பதற்கென்று காய்ச்சிய அபின், குத்தகை முறையில் விற்கப்பட்டது. கள்ளுக்கடை ஏலத்தைப் பற்றி அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. பினாங்கில் வூ லியன் தே, சிங்கப்பூரில் லிம் பூன் கெங் போன்ற மருத்துவர்கள் முன்னின்ற எதிர்ப்பு இயக்கம் 1906-இல் வலுத்தது. மறு ஆண்டு அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம், முழுத்தடையை ஏற்காமல், குத்தகையை ஒழித்து அரசே விற்கலாம் என்றது. அதன்படி 1910 ஜனவரி 1 முதல் விற்பனை அரசின் ஏகபோகமாயிற்று. எனவே இந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள வரவுகளை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. முன்னது குத்தகைதாரர் கட்டிய பணம். பின்னது விற்பனைத் தொகை, அதில் கச்சா அபினின் விலையும் காய்ச்சும் செலவும் சேர்ந்திருக்கும்.

மூன்றாவதாக, டாலரை விட்டுவிட்டுத் தாகில் கணக்குக்கு வரவும். ஒரு தாகில் என்பது 100 ஹூன், சுமார் 38 கிராம். அன்றாடக் கூலியில் வாங்கியவர் ஹூன் கணக்கில்தான் வாங்கினார். ஓர் எடுத்துக்காட்டுக்கு, தாகில் 10 டாலர் வீதம் 1,000 தாகில் விற்றால் வரவு 10,000 டாலர். விலையை 15 டாலராக்கியபின் 700 தாகிலே விற்றாலும் வரவு 10,500 டாலர் ஆகிவிடும். விலையேற்றத்தைப் பழக்கத்தைத் தடுக்கும் வழி என்று அரசு சொன்னது பொய்யில்லை, ஆனால் அந்த வழியில் கஜானாவுக்கு நட்டமும் இல்லை. (எனக்கு இந்தக் கணக்கு விளங்கியபின்தான் ஆண்டறிக்கைகளின் நிதானமான தொனி விளங்கியது.)

விற்ற அளவு குறைந்திருந்தால் உடனே அதை வெற்றி என்று குறித்துவிட வேண்டாம். அரசுச் சண்டு விலையேறினால் கடத்தல் சரக்குக்குக் கிராக்கி கூடும்; புகைத்த குழாயில் படியும் கசடும் ஏழைகளிடையே விலைபோனது. ஆகவே பறிமுதல், வழக்கு விவரங்களையும் அருகில் வைத்துப் பார்க்கவும். மக்கள்தொகையும் முக்கியம்: புகைத்தவர்களில் பெரும்பாலோர் சீன ஆண் தொழிலாளர்கள். 1930-களின் தொடக்கத்தில் ரப்பரும் வெள்ளீயமும் விலை சரிந்து அவர்களில் பலர் ஊர் திரும்பியதால், விற்பனை தானாகவே சரிந்தது.

வருமான வரி விதிக்கும் யோசனையை வணிகர்கள் எதிர்த்துவந்த அக்காலனியில், அபின் வரவு நின்றால் ஈடுகட்டுவதற்கென்று 1925-இல் 3 கோடி டாலரில் ஒரு சேமநிதி தொடங்கப்பட்டது. புகைப்போரைப் பதிவுசெய்யும் முறை அதற்குப் பின்னரே வந்தது. பணம் ஒதுக்கிய தேதியையும் பதிவு தொடங்கிய தேதியையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கவும்.

முழுத்தடைக் கொள்கையை லண்டன் 1943-இல் அறிவித்தபோது, மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கையில் இருந்தன. அங்கிருந்து அபின் வரவு எதுவும் வந்துகொண்டிருக்கவில்லை. போர் முடிந்து 1946-இல் தடை நடைமுறைக்கு வந்தது. ஆய்வை அந்த ஆண்டோடு மூடிவிடாமல், சிங்கப்பூரில் 1948-இல் தொடங்கிய வருமான வரியின் முதல் கணக்கையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளவும்.