தாய் கிளாஸை மறந்த பக்கங்கள்: ஏஎஸ்பி டாட் நெட்டில் இன்ஹெரிட்டன்ஸ் சிக்கலைச் சரிசெய்வது எப்படி?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு மீன் கம்பெனியின் கணக்குத் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸில், சி ஷார்ப்பில் எழுதியது. 2002இல் வந்த பழைய சரக்குதான், ஆனாலும் ஓடுகிறது. அதில் மூன்று பக்கங்கள் முக்கியம்: நண்டு கொள்முதல், படகு வரவு, சம்மாட்டி (படகு முதலாளி) பாக்கி. மூன்றுக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. உள்ளே வந்தவர் லாகின் செய்தவர்தானா என்று பார்க்க வேண்டும். அதை மூன்று இடத்தில் எழுதாமல் 'அடிப்படைப்பக்கம்' என்ற ஒரே கிளாஸில் (கோடின் ஒரு தொகுப்பு) எழுதி, மற்றவற்றை அதிலிருந்து பிறக்க வைத்தேன். இதுதான் இன்ஹெரிட்டன்ஸ்.

(ஆமாம், சி ஷார்ப்பில் கிளாஸ் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். கீவேர்டுகள் மட்டும் ஆங்கிலம். இங்கே அவற்றை உச்சரிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

முதலில் வம்சாவளியைப் புரிந்துகொள்ளுங்கள். பாட்டி, மைக்ரோசாஃப்ட் தரும் 'பேஜ்' கிளாஸ். அம்மா, நம் அடிப்படைப்பக்கம். மகள், 'நண்டுகொள்முதல்' என்ற கோட்பிஹைண்ட் கிளாஸ் (பக்கத்தின் சி ஷார்ப் கோடு, சிஎஸ் கோப்பில் இருப்பது). பேத்தி ஒருத்தியும் இருக்கிறாள்: பக்கத்தின் தோற்றத்தை எழுதிய ஏஎஸ்பிஎக்ஸ் கோப்பைப் படித்து சர்வரே உருவாக்கும் கிளாஸ். பேத்திக்குத் தாயைக் காட்டுவது, அந்தக் கோப்பின் தலைவரியில் இருக்கும் 'இன்ஹெரிட்ஸ்'. புதியவர்களுக்கு வரும் பிழைகளில் பாதி இந்த ஒரு சொல்லில்தான்.

திரையில் 'பார்சர் எரர், குட் நாட் லோட் டைப்' என்று வந்தால் கோடுக்குள் இறங்காதீர்கள். இன்ஹெரிட்ஸில் உள்ள பெயரையும் சிஎஸ் கோப்பில் உள்ள பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கிளாஸ் பெயர் மட்டும் போதாது, நேம்ஸ்பேஸும் (கிளாஸ் இருக்கும் குழுவின் பெயர்) முன்னால் வர வேண்டும். பலர் அதே வரியில் உள்ள 'கோட்பிஹைண்ட்' என்பதை மாற்றி மாற்றி நேரத்தைக் கரைக்கிறார்கள். வெப் அப்ளிகேஷன் வகை புராஜெக்டில் அது விஷுவல் ஸ்டுடியோவின் வசதிக்கு மட்டும். ஓடும்போது சர்வர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வெப் சைட் வகையில் அந்த இடத்தில் 'கோட்ஃபைல்' இருக்கும், அது நிஜமாகவே வேண்டும்.

பெயர்கள் சரி, பிழை மட்டும் போகவில்லையா? பில்ட் செய்தீர்களா என்று பாருங்கள். வெப் அப்ளிகேஷனில் கிளாஸ்கள் எல்லாம் 'பின்' ஃபோல்டரில் ஒரே டிஎல்எல் (கம்பைல் ஆன கோப்பு) ஆகின்றன. நெட் இழுக்கிறதே என்று ஒரு நாள் ஏஎஸ்பிஎக்ஸ் கோப்பை மட்டும் ஏற்றிவிட்டு வந்தேன். புதிய பெயரைத் தேடிய சர்வருக்குக் கிடைத்தது பழைய டிஎல்எல்.

அடுத்தது காப்பி அடிப்பதால் வருவது. என்னிடம் பழகும் தம்பி ஒருவர், கொள்முதல் பக்கத்தை நகலெடுத்துப் படகு வரவுப் பக்கம் ஆக்கினார். கோப்பின் பெயரை மாற்றினார், உள்ளே கிளாஸ் பெயரை மாற்றவில்லை. இரண்டும் 'பார்ஷியல்' கிளாஸ் (பல கோப்புகளில் பிரித்து எழுதக்கூடியது) என்பதால் கம்பைலர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது, சேர்த்ததும் 'பேஜ் லோட் ஏற்கெனவே இருக்கிறது' என்று கத்தியது. பேஜ் லோட் என்பது பக்கம் திறக்கும்போது தானாக ஓடும் பகுதி. அந்தப் பிழையின் எண் சிஎஸ்0111. தம்பி என்ன செய்தார் தெரியுமா? கம்பைலர் குறை சொன்ன வரிகளையெல்லாம் அழித்தார். பில்ட் ஆகிவிட்டது!

"அண்ணே, சரியாகிடுச்சு."

ஆகவில்லை. இரண்டு பக்கமும் இப்போது ஒரே கிளாஸ். கொள்முதலில் இருக்கும் 'எடை' பெட்டி படகு வரவில் கிடையாது. அந்தப் பக்கத்தைத் திறந்ததும் எடை வெறுமையாக இருக்க, 'நல் ரெஃபரன்ஸ்' பிழை. நகலெடுத்தால் மூன்று இடத்தில் பெயரை மாற்ற வேண்டும்: ஏஎஸ்பிஎக்ஸின் தலைவரி, சிஎஸ் கோப்பு, டிசைனர் கோப்பு (பக்கத்தில் உள்ள பெட்டிகளின் பெயர்களை விஷுவல் ஸ்டுடியோ தானே எழுதி வைக்கும் கோப்பு). என்னைக் கேட்டால் நகலே எடுக்காமல் புதுப் பக்கம் போட்டு உள்ளடக்கத்தை மட்டும் ஒட்டுவது நல்லது.

இதுவரை சொன்னவை சத்தம் போடும் பிழைகள். சத்தமே போடாத ஒன்று இருக்கிறது, எனக்கு அதில்தான் பயம்.

முதல் முறை எழுதியபோது லாகின் சோதனையை அடிப்படைப்பக்கத்தின் 'பேஜ் லோட்'டில் வைத்திருந்தேன். கொள்முதல் பக்கத்துக்கும் சொந்தமாக ஒரு பேஜ் லோட் உண்டு, நண்டு ரகங்களைப் பட்டியலில் நிரப்ப. மகளிடம் அதே பெயரில் ஒன்று இருந்தால் அம்மாவுடையது மறைந்துபோகும், மகளுடையது மட்டும் ஓடும். பில்ட் ஆனது, பக்கம் திறந்தது, பட்டியலும் நிரம்பியது. லாகின் மட்டும் யாரையும் கேட்கவில்லை. கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து முகவரியைத் தட்டியிருக்கிறார், நேராக உள்ளே போய்விட்டார். "தம்பி, இது என்ன, கதவே இல்லாத வீடா?" என்று போனில் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

கம்பைலர் சிஎஸ்0108 என்று மஞ்சள் எச்சரிக்கை தந்திருந்தது. நான் மஞ்சளைப் பார்ப்பதில்லை. அம்மாவின் பேஜ் லோட் 'பிரைவேட்' ஆக (அந்தக் கிளாஸுக்குள் மட்டும் தெரிவதாக) இருந்திருந்தால் அந்த எச்சரிக்கையும் வந்திருக்காது.

சரிசெய்வது இப்படி. அடிப்படைப்பக்கத்தில் பேஜ் லோட்டை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் 'புரொடெக்டட் ஓவர்ரைடு வாய்ட் ஆன்இனிட்' எழுதுங்கள். அதன் முதல் வரி 'பேஸ் டாட் ஆன்இனிட்', அடைப்புக்குள் வந்த 'ஈ'யை அப்படியே கொடுத்து. இரண்டாவது, செஷனில் (சர்வர் ஒவ்வொருவருக்கும் தனியாக வைத்திருக்கும் தற்காலிக நினைவு) பயனர் இல்லையென்றால் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது. இனிட் எப்போதும் லோடுக்கு முன்னால் ஓடும். ஆகவே மகள் தன் பேஜ் லோட்டில் இஷ்டம்போல் எழுதலாம், மோதல் வராது. ஓவர்ரைடு செய்யும்போது (தாயின் பகுதியை மகள் மாற்றி எழுதும்போது) அந்த பேஸ் வரியை மறந்தால் வேறொரு தலைவலி: உதாரணத்துக்கு ஆன்லோடில் அதை விட்டுவிட்டால் பேஜ் லோட் ஓடவே ஓடாது.

அப்புறம் ஒவ்வொரு சிஎஸ் கோப்பிலும் கிளாஸ் பெயரை அடுத்து வரும் முக்காற்புள்ளிக்குப் பின் 'அடிப்படைப்பக்கம்' என்று இருக்கிறதா பாருங்கள். விஷுவல் ஸ்டுடியோ புதுப் பக்கம் போடும்போது அங்கே பாட்டியின் பெயரைத்தான் எழுதித் தரும்.

கடைசியாக, லாகின் செய்யாத புது பிரைவேட் விண்டோவில் எல்லாப் பக்க முகவரிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது எனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அப்படி ஒரு மத்தியானம் உட்கார்ந்து தட்டினேன். கொள்முதல், லாகின் கேட்டது. படகு வரவும் கேட்டது. சம்மாட்டி பாக்கி, யார் யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்ற முழுப் பட்டியலுடன் அழகாகத் திறந்தது. முக்காற்புள்ளிக்குப் பின் இன்னும் பாட்டிதான் இருந்தாள்.