கம்ப்ரசர் போரில் தண்ணீர் குறைந்தால் முதலில் மீட்டரைப் பாருங்கள்

தண்ணீர் குறைந்ததும் மலையடிவாரத்து வத்தலக்குண்டுக்கு ஃபோன் போட்டு மெக்கானிக்கை வரச் சொல்வது, அவர் வந்து பிஸ்டன் ரிங்கை மாற்றிவிட்டுப் போவது, மறுவாரமும் தண்ணீர் அதே மாதிரி துப்பித் துப்பி வருவது. கம்ப்ரசர் போர், அதாவது காற்றை உள்ளே அனுப்பித் தண்ணீரை மேலே ஏற்றுகிற ஆழ்துளைக் கிணறு, வைத்திருக்கும் பழனி மலைக்காரர்களுக்கு இது பழகிப்போன கதை. கோளாறு கம்ப்ரசரில் இருக்கலாம், பைப்பில் இருக்கலாம், போரின் நீர்மட்டத்திலேயே இருக்கலாம். மூன்றில் எது என்று ஒரு பைப்பைக்கூடத் தூக்காமல் பெரும்பாலும் சொல்லிவிட முடியும். ஒழுங்காக வேலை செய்கிற பிரஷர் மீட்டர் ஒன்று, நீளமான கயிறு, 20 லிட்டர் வாளி, ஃபோனில் இருக்கிற ஸ்டாப்வாட்ச், இவ்வளவு போதும். இதைச் செய்து பார்க்கும் வரை யாரையும் ஸ்பேனரைத் தொட விடாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடலாம். ஏர் பைப்பில் போகும் காற்று, அடியில், தண்ணீர் மேலே வருகிற டெலிவரி பைப்போடு சேரும் இடத்தில் தண்ணீரில் கலக்கிறது. குமிழி கலந்த தண்ணீருக்கு எடை குறைவு, பைப்புக்கு வெளியே போரில் நிற்கும் தண்ணீருக்கு எடை அதிகம், அந்த அதிக எடை இந்தக் குறைந்த எடையை மேலே தள்ளிவிடுகிறது. ஆக, வேலை செய்வது போரில் நிற்கும் தண்ணீர்தான். காற்று நுழையும் இடத்துக்கு மேலே எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதை வைத்துத்தான் எல்லாமே. மும்பை ஹை கடல் வயலில் எண்ணெய்க் கிணறுகளுக்குச் செய்கிற கேஸ் லிஃப்ட்டும் இதே தத்துவம், அங்கே காற்றுக்குப் பதிலாக அழுத்தம் ஏற்றிய இயற்கை எரிவாயு. அந்தக் கிணற்றில் உற்பத்தி குறைந்தாலும் அவர்கள் முதலில் பார்ப்பது மேலே இருக்கிற அழுத்த அளவைத்தான்.

சரி, அளவெடுக்கிற முறை. ராத்திரி முழுக்க போருக்கு ஓய்வு கொடுங்கள். காலையில் கம்ப்ரசர் டேங்க்கில் இருக்கும் காற்றை முழுசாகத் திறந்துவிட்டுக் காலி செய்யுங்கள், போருக்குப் போகும் வால்வை முழுக்கத் திறந்து வையுங்கள், அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். (டேங்க்கை நிரப்பி வைத்துக்கொண்டு வால்வைத் திறந்தால் மீட்டர் காட்டுகிற எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை.) முள் மெதுவாக ஏறும், ஓர் உச்சத்தைத் தொடும், தண்ணீர் புறப்பட்டதும் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அந்த உச்சம் எத்தனை பவுண்டு (மீட்டரில் psi என்று இருக்கும்), நின்ற இடம் எத்தனை பவுண்டு, இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பவுண்டு அழுத்தம் என்றால் 2.31 அடி தண்ணீர். இந்த ஒரு கணக்கு போதும், மீதி எல்லாம் இதிலிருந்தே வரும்.

உதாரணத்துக்கு, 300 அடியில் பைப் இறங்கியிருக்கிறது, உச்சம் 78 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 78-ஐ 2.31-ஆல் பெருக்கினால் 180 அடி, அதாவது ஓய்வில் இருக்கும்போது காற்று நுழையும் இடத்துக்கு மேலே 180 அடி தண்ணீர் இருந்தது, நீர்மட்டம் தரையிலிருந்து 120 அடியில். ஓடும்போது முள் 52-ல் நின்றால் தண்ணீர் 120 அடிதான் மேலே நிற்கிறது, மட்டம் 180 அடிக்கு இறங்கியிருக்கிறது. 300 அடி பைப்பில் 120 அடி முங்கியிருக்கிறது, நூற்றுக்கு நாற்பது. ஆழமான போருக்கு இது ஓடும். அறுபது இருந்தால் ரொம்ப நல்லது, முப்பத்தைந்துக்குக் கீழே போனால் துப்ப ஆரம்பிக்கும். ஏர் பைப் மெல்லிசாக இருந்தால் காற்றின் உரசலுக்கே சில பவுண்டு போய்விடும், அதனால் ஓடும்போது கிடைக்கிற எண்ணைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதோடு வாளி எத்தனை வினாடியில் நிறைகிறது என்பதையும் சேர்த்து, நன்றாக ஓடுகிற காலத்திலேயே, மோட்டார் ரூம் சுவரில் பெயின்ட்டில் எழுதி வைத்துவிடுங்கள். நோட்டில் எழுதினால் நோட்டு தொலைந்துவிடும்.

இப்போது கோளாறுக்கு வருவோம். முள் ஏறவே இல்லை, அல்லது பழைய உச்சத்தில் பாதிக்கூட வரவில்லை, தண்ணீரும் இல்லை என்றால் போருக்குப் போகும் வால்வை மூடிவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் ஓட்டுங்கள், பக்கத்திலேயே நின்று. அப்போதும் ஏறவில்லையென்றால் கோளாறு கம்ப்ரசரில்தான்: பெல்ட் வழுக்குகிறது, வால்வு பிளேட்டில் கரி பிடித்திருக்கிறது, ரிங் தேய்ந்திருக்கிறது, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஃபில்டரை முதலில் பாருங்கள், அதற்குக் காசு ஆகாது. வோல்டேஜையும் பாருங்கள், சாயங்காலம் மட்டும் தண்ணீர் குறைகிறது என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். மூடியபோது முள் விறுவிறுவென்று ஏறுகிறது என்றால் கம்ப்ரசரை விட்டுவிடுங்கள், அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்தது கொஞ்சம் சுவாரசியமானது. கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது, ஆனால் உச்சம் 78-க்குப் பதிலாக 40-லேயே நின்று வெறும் காற்றுதான் வருகிறது. நீர்மட்டம் இறங்கிவிட்டதா, ஏர் பைப்பில் ஓட்டையா? கயிற்றில் ஒரு கல்லையோ போல்ட்டையோ கட்டி (பைப்புக்கும், போரின் மேல்பகுதியில் மண் சரியாமல் இறக்கியிருக்கும் கேசிங் பைப்புக்கும் நடுவே சிக்காத அளவு சின்னதாக) இறக்கிப் பாருங்கள், கயிறு நனைந்த இடத்தை வைத்து நீர்மட்டம் தெரிந்துவிடும். மட்டம் பழையபடி 120 அடியிலேயே இருந்தால், ஓட்டைதான். எங்கே ஓட்டை என்பதையும் அதே மீட்டர் சொல்லும்: 40 பவுண்டு என்றால் 92 அடி தண்ணீர், ஆகவே நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் 92 அடியில், தரையிலிருந்து 212 அடிக்கு அருகில். அந்தப் பகுதியில் இருக்கிற இணைப்பைப் பாருங்கள், பெரும்பாலும் இணைப்புதான் விட்டிருக்கும். ஏர் பைப் டெலிவரி பைப்புக்குப் பக்கத்தில் தனியாக இறங்குகிற அமைப்பாக இருந்தால் இன்னொரு அடையாளமும் உண்டு. கேசிங் வாயில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டுப் பாருங்கள், ஓட்டை இருந்தால் உள்ளேயிருந்து வரும் காற்றில் படபடக்கும், உள்ளே பொங்குகிற சத்தமும் கேட்கும். மழை பெய்கிற மாதிரி தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டால் அது டெலிவரி பைப் ஓட்டை, மேலே வந்த தண்ணீர் திரும்ப உள்ளேயே விழுகிறது. போரின் பக்கவாட்டு ஊற்றிலிருந்து கொட்டினாலும் அதே சத்தம் வரும். அதனால் கம்ப்ரசரை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் கேளுங்கள், நிற்காமல் கொட்டினால் ஊற்று.

மாறாக, முள் பழைய உச்சத்தையும் தாண்டி ஏறி, சேஃப்டி வால்வு சீறுகிறது, சொட்டுத் தண்ணீர் இல்லை. இதற்கு இரண்டு காரணம். ஒன்று அடைப்பு: சேறு ஏறி அடிப்பகுதியை மூடியிருக்கும், அல்லது இரும்புச் சத்துள்ள தண்ணீரில் வருகிற சிவப்புக் குழம்பு காற்றுத் துவாரத்தில் படிந்திருக்கும். இன்னொன்றை யாரும் நம்ப மாட்டார்கள்: தண்ணீர் அதிகமாகிவிட்டது. பழனி மலையில் ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பிடித்தால் போரின் மட்டம் மளமளவென்று ஏறிவிடும். கோடையில் தண்ணீர் போதவில்லை என்று பைப்பை 400 அடிக்கு இறக்கியிருப்பீர்கள், இப்போது மட்டம் 60 அடிக்கு வந்துவிட்டது என்றால் காற்று தள்ள வேண்டியது 340 அடித் தண்ணீர், கிட்டத்தட்ட 147 பவுண்டு. உங்கள் கம்ப்ரசர் 120-க்கு மேல் போகாது. போர் நிறையத் தண்ணீர், ஒரு சொட்டு வெளியே வராது. எண்ணெய்க் கிணற்றில் இதற்காகவே பைப் நெடுகப் பல ஆழங்களில் வால்வுகள் வைத்திருப்பார்கள், மேலிருந்து ஒவ்வொன்றாக எரிவாயுவை விட்டு மட்டத்தை இறக்கிக்கொண்டே போய், கீழ் வால்வு வேலை தொடங்கியதும் மேலே உள்ளவை மூடிக்கொள்ளும். நமக்கு அந்த வசதி இல்லை. சிலர் ஏர் பைப்பில் நடுவே ஒரு சின்னத் துளை போட்டுச் சமாளிக்கிறார்கள், அது மூடிக்கொள்ளாது, வருஷம் முழுக்க காற்று வீண், எனக்கு அதில் உடன்பாடில்லை. மழைக்காலத்தில் மூன்று நான்கு லெங்க்த் பைப்பைத் தூக்கி வைப்பது, இல்லையென்றால் காற்றை இரண்டு கட்டமாக அழுத்துகிற, அழுத்தம் கூடிய இரண்டு ஸ்டேஜ் கம்ப்ரசருக்கு மாறுவது, இந்த இரண்டும்தான் சரியான வழி.

எந்தக் காரணத்துக்காகவும் சேஃப்டி வால்வை இறுக்கியோ அடைத்தோ ஓட்டாதீர்கள். காற்றுக்கு வெள்ளை பிவிசி பைப் போடுவதும் கூடாது, தண்ணீர் என்றால் விரிசலில் பீறிட்டு நின்றுவிடும், அழுத்தமான காற்று என்றால் பைப் துண்டு துண்டாகத் தெறிக்கும். கறுப்பு எச்டிபிஇ போடலாம், அதன் அழுத்த அளவைப் பார்த்து. கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று கொதிக்கக் கொதிக்க இருக்கும் என்பதால் முதல் சில அடிகளுக்கு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்தான் தாங்கும்.

துப்புகிற பிரச்சினை, அதாவது ஒரு மொடக்குத் தண்ணீர், அப்புறம் வெறும் காற்று, மறுபடி ஒரு மொடக்கு. ஓடும்போது முள் 35-க்கு வந்துவிட்டால் முங்கியிருப்பது 81 அடி, 300 அடியில் 27 சதவீதம், துப்பாமல் என்ன செய்யும். போரில் இன்னும் ஆழம் இருந்தால் பைப்பை இறக்குங்கள். இல்லையென்றால் காற்றைக் குறைத்துப் பாருங்கள். அதிகக் காற்று விட்டால் அதிகத் தண்ணீர் வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஓர் அளவுக்கு மேல் காற்று தண்ணீருக்கு நடுவே வழி செய்துகொண்டு தனியாகப் போய்விடும். வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் விட்டு வாளியை அளந்தால், எங்கே அதிகம் கிடைக்கிறது என்று தெரிந்துவிடும். அப்படி மூடி ஓட்டும்போது டேங்க்கில் அழுத்தம் சேரும், அதை வெளியே விட ஒரு தனிக் கிளை வால்வு இருக்க வேண்டும். மீட்டர் வால்வுக்குக் கம்ப்ரசர் பக்கம் இருந்தால் அப்போது காட்டுகிற எண்ணையும் நம்ப வேண்டாம். முங்கல் போதுமானதாக இருந்தும் துப்பினால் டெலிவரி பைப் அளவுக்கு மீறிப் பெரிசு, ஒரு சைஸ் குறையுங்கள்.

மலையில் மட்டும் வருகிற சிக்கல்கள் உண்டு. தொட்டி சரிவில் மேலே இருக்கிறது என்று போர் வாயிலிருந்து 80 அடி உயரத்துக்கு அதே டெலிவரி பைப்பை இழுத்துவிடுகிறார்கள். முங்கல் கணக்கில் அந்த 80 அடியும் சேரும், மேலே சொன்ன போரில் 120-ஐ 300-க்குப் பதில் 380-ஆல் வகுக்க வேண்டும், நாற்பது முப்பத்திரண்டாகிவிடுகிறது. அதோடு சாய்வான பைப்பில் காற்றும் தண்ணீரும் பிரிந்து ஓடும். போர் வாயிலேயே ஒரு சின்னத் தொட்டியில் கொட்டவிட்டு, அங்கிருந்து ஒரு சாதாரண மோனோபிளாக் பம்ப்பால் மேலே ஏற்றுங்கள். காப்பிச் செடியைப் பூக்க வைக்கிற பூ மழை தவறுகிற வருஷம் ஸ்பிரிங்ளர் ஓட்டவும் அந்த மோட்டார்தான் உதவும், கம்ப்ரசர் தண்ணீரில் ஸ்பிரிங்ளர் சுற்றாது.

இன்னொன்று உயரம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பவுண்டு, கொடைக்கானல் இருக்கும் ஏழாயிரம் அடியில் 11 சொச்சம்தான். அதே கம்ப்ரசர் இங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் இழுக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, போரின் அடிக்குப் போய்ச் சேரும்போதும் அந்தக் குறை அப்படியே இருக்கும். கடையில் காட்டுகிற அட்டவணை சமவெளிக் கணக்கு. அதைவிடத் தாழ்வான தாண்டிக்குடி உயரத்தில் இழப்பு குறைவு, கொடைக்கானல் பக்கத்து மேல்மலைக்கு ஒரு சைஸ் பெரிய கம்ப்ரசராக எடுங்கள். டீசல் இன்ஜினில் ஓட்டுபவர்களுக்கு இன்ஜினும் சேர்ந்து சக்தி இழக்கும்.

மூடுபனி நாட்களில் காற்றில் ஈரம் அதிகம், கம்ப்ரசர் டேங்க்கின் அடியில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும், தினமும் வடித்துவிடுங்கள். மார்கழி, தையில் உறைபனி விழுகிற பள்ளத்தில் மோட்டார் ரூம் இருந்தால், மீட்டருக்குப் போகிற மெல்லிய குழாயில் நின்ற தண்ணீர் உறைந்து, முள் அசையாமல் நிற்கலாம். வெயில் ஏறும் வரை பொறுங்கள்.

தண்ணீரின் நிறத்தையும் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். பால் மாதிரி வந்து அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழி, கவலையில்லை. மழை பெய்த மறுநாள் செம்மண் கலங்கல் வந்தால் கேசிங் பைப் பாறையில் சரியாக உட்காரவில்லை, மேல்மண் கசிகிறது. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் கம்ப்ரசர் எண்ணெய் ரிங்கைத் தாண்டிக் காற்றோடு போகிறது, அந்தத் தண்ணீரை வீட்டுக்குக் குடிக்க எடுப்பதை உடனே நிறுத்திவிட்டு ரிங்கை மாற்றுங்கள், காற்று போகும் வழியில் எண்ணெய் பிடிக்கிற ஒரு ஃபில்டரும் போடுங்கள். மெக்கானிக்கை வரச் சொல்ல வேண்டிய இடம் இதுதான், வரும்போது வால்வு பிளேட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள், ரிங் தேய்ந்த கம்ப்ரசரில் அதுவும் கரி பிடித்துத்தான் இருக்கும்.