இழுப்பு வருமுன் எண் சொல்லிவிடும்: வீட்டில் ஆஸ்துமாவைக் கவனிக்கும் முறை

டர்பனில் நாங்கள் இருக்கும் மீர்பேங்கில், குளிர்காலக் காலைகளில் ஆலைப் புகை மேலே எழும்பாமல் வீடுகளை ஒட்டியே தங்கிவிடும். என் மகளுக்கு ஆறு வயதில் ஆஸ்துமா வந்தது. இப்போது அவளுக்குப் பதினொன்று. முதல் இரண்டு ஆண்டுகள் இழுப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் பதறி ஓடினோம். சத்தம் கேட்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே மூச்சை வெளியே ஊதும் வேகம் இறங்கத் தொடங்கலாம் என்பது, அந்த வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கிய பிறகே புரிந்தது.

படி 1: ஊதிப் பழகுங்கள்

ப்ளூடூத் வழியாகக் கைப்பேசிக்கு எண்ணை அனுப்பும் மீட்டர் வசதியானது. பணம் இடித்தால் சாதாரண பிளாஸ்டிக் மீட்டரும் ஒரு நோட்டும் போதும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குச் சரியாக ஊத வராது.

எழுந்து நிற்கவேண்டும். மூச்சை நிறைய இழுத்து, உதடுகளால் குழாயை இறுகக் கவ்வி, ஒரே வீச்சில் பலமாக ஊதவேண்டும். நாக்கு துளையை மறைக்கக்கூடாது. என் மகள் முதல் வாரம் கன்னத்தை உப்பவைத்துத் துப்புவதுபோல் ஊதினாள். அப்படி ஊதினால் எண் பொய்யாக ஏறும். மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணை மட்டும் குறியுங்கள்; சராசரி எடுக்காதீர்கள். காலையும் மாலையும், மருந்துக்கு முன்பு, ஒரே நேரத்தில் செய்யுங்கள்.

படி 2: சொந்த உச்சத்தைக் கண்டுபிடியுங்கள்

உடல் நன்றாக இருக்கும் இரண்டு மூன்று வாரங்களில் கிடைக்கும் மிகப் பெரிய எண்தான் உங்கள் குழந்தையின் உச்சம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். என் மகளின் உச்சம் நிமிடத்துக்கு 300 லிட்டர். அதில் 80 சதவீதம், அதாவது 240-க்கு மேல் என்றால் பச்சை. 150 முதல் 240 வரை மஞ்சள். 150-க்குக் கீழே சிவப்பு. ஒவ்வொரு நிறத்திலும் என்ன மருந்து, எத்தனை முறை என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்.

படி 3: எண்ணோடு காரணத்தையும் எழுதுங்கள்

செயலியில் குறிப்பு எழுத இடம் இருக்கும். எங்களுக்கு அதுதான் கண்ணைத் திறந்தது. மூன்று வெள்ளிக்கிழமைகள் தொடர்ந்து மாலையில் மட்டும் 230 வந்தது. கைப்பேசித் திரையை ஆயாவிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல், சாம்பிராணிக் கரண்டியை அன்றே வெளிவாசலுக்குக் கொண்டுபோய்விட்டார்.

படி 4: இன்ஹேலரையும் எண்ணுங்கள்

இன்ஹேலரில் மாட்டும் சென்சார், எந்த நாள் எந்த நேரம் மருந்து எடுத்தோம் என்று தானே பதிந்துகொள்ளும். உடனடி நிவாரண இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

படி 5: ஆக்ஸிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள்

ஆக்ஸிமீட்டர் என்பது விரலில் மாட்டி இரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் கருவி. நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் எண்ணைக் கெடுக்கும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆக்ஸிஜன் கடைசியில்தான் இறங்கும். 96 என்று திரை சொன்னாலும் விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கினால் குழந்தையை நம்புங்கள்.

படி 6: சிவப்பு வந்தால்

நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே மருந்தைத் தேக்கும் கூடு) வழியாக, ஒவ்வொரு அழுத்தமாகக் கொடுங்கள். கையில் ஸ்பேசர் இல்லையா? 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுகப் பொருந்தும்படி துளையிட்டு, இடுக்கை ஒட்டி அடைத்துவிட்டால் போதும். கேப்டவுன் மருத்துவர்கள் குழந்தைகளிடம் சோதித்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், அடைத்த பாட்டில் கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது. குழந்தையால் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் எண் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்: இங்கே தென்னாப்பிரிக்காவில் 10177, கைப்பேசியில் 112.

மின்வெட்டு நாட்களுக்காகச் சாதாரண மீட்டர் ஒன்றையும் அலமாரியில் வைத்திருங்கள். ஒரு மீட்டரின் எண் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. அதற்கும் தனியாக உச்சம் கண்டு, மீட்டரின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.