அரை ஆயுட்காலக் கணக்கா? முதலில் வகுத்துப் பாருங்கள்

கதிரியக்கக் கணக்கைக் கண்டதும் மடக்கை (log) வாய்பாட்டுக்கு ஓட வேண்டாம். மொத்தக் காலத்தை அரை ஆயுட்காலத்தால், அதாவது பொருள் சிதைந்து பாதியாக ஆகும் காலத்தால், வகுத்துப் பாருங்கள். முழு எண் வந்தால் மனக்கணக்கே போதும்.

அயோடின்-131க்கு அரை ஆயுட்காலம் சுமார் 8 நாள். 80 மில்லிகிராமில் 24 நாள் கழித்து எவ்வளவு மிஞ்சும்? 24ஐ 8ஆல் வகுத்தால் 3. மூன்று முறை பாதியாக்குங்கள்: 40, 20, 10. சரி, மிஞ்சுவது 10 மில்லிகிராம்.

8 நாளில் பாதி போனால் 16 நாளில் எல்லாமே தீர்ந்துவிடும் என்று நினைத்துத்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் போவது மிச்சமிருப்பதில் பாதி.

அப்புறம், கேட்டிருப்பது மிஞ்சியதையா, சிதைந்ததையா என்று இன்னொரு தடவை பாருங்கள். சிதைந்தது 70! வகுத்தால் 2.3 மாதிரி வந்தால்தான் மடக்கை தேவை. அப்போது வாய்பாட்டில் வரும் சிதைவு மாறிலிக்கு (சிதையும் வேகத்தைக் காட்டும் எண்) 0.693ஐ அரை ஆயுட்காலத்தால் வகுங்கள்.