சிறைத்தண்டனைத் தீர்ப்பை வாசிப்பது எப்படி?

சிங்கப்பூர் அரசு நீதிமன்றத்தில் ‘15 மாதச் சிறை’ என்று தீர்ப்பானதும் குடும்பத்தினர் காதில் விழுவது அந்த எண் மட்டும்தான்; மறுநாள் செய்தியைப் படிப்பவருக்கும் அப்படித்தான். அந்தத் தண்டனை எதற்காக விதிக்கப்பட்டது, அதில் எவ்வளவு காலம் உள்ளே கழியும், வெளியே வந்த பிறகும் எது தொடரும் என்பதை அந்த எண் சொல்லாது. இவற்றைத் தீர்ப்பிலிருந்தும் சட்டத்திலிருந்தும்தான் தேடி எடுக்க வேண்டும்.

முதலில் நீதிபதி கூறிய காரணத்தைப் பாருங்கள். தண்டனைக்கு நான்கு நோக்கங்கள் உண்டு என்று 1974இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் சார்ஜன்ட் வழக்கில் வகுத்துக் கூறியதைச் சிங்கப்பூர் நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டுள்ளன. குற்றத்துக்கு ஈடான தண்டனை, அச்சமூட்டித் தடுத்தல், குற்றவாளியை விலக்கிவைத்துச் சமூகத்தைக் காத்தல், சீர்திருத்தம் ஆகியவையே அவை. இவற்றில் எது முன்னிற்கும் என்பது வழக்குக்கு வழக்கு மாறும். 21 வயதுக்குட்பட்டோர் வழக்குகளில் பொதுவாகச் சீர்திருத்தத்துக்கே முதலிடம் தரப்படுவதால், சிறைக்குப் பதில் நன்னடத்தைக் கண்காணிப்போ சீர்திருத்தப் பயிற்சியோ பரிசீலிக்கப்படுகிறது. ஆனால், மோசடிக் கும்பலுக்குத் தம் வங்கிக் கணக்கைக் கொடுத்த ஒருவருக்கு, அதில் கிடைத்த பணம் சொற்பமே என்றாலும், மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று சிறை விதிக்கப்படுவதுண்டு. “இவன் என்ன கொலையா செய்துவிட்டான்?” என்று உறவினர்கள் குமுறுவது இத்தகைய வழக்குகளில்தான். அங்கே நீதிமன்றம் பேசுவது அந்த ஒருவரிடம் மட்டுமன்று, அதே செயலைச் செய்ய எண்ணும் பிறரிடமும்தான். தண்டனையின் கடுமையைவிடப் பிடிபடுவோம் என்ற உறுதியே மனிதர்களை அதிகம் தடுக்கிறது என்று குற்றவியல் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவதால், தண்டனைக் காலத்தை நீட்டிக்கொண்டே போனால் குற்றம் அதே அளவில் குறையும் என்று கருதுவதற்கில்லை என்பதே என் எண்ணம்.

அடுத்து, காலத்தைக் கணக்கிட வேண்டும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒருவர் மீதான மூன்று குற்றச்சாட்டுகளுக்கு முறையே 9, 6, 3 மாதச் சிறை விதிக்கப்படுகிறது. ஒரே விசாரணையில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனைகள் விதிக்கப்பட்டால், அவற்றுள் குறைந்தது இரண்டையாவது ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் விதி. நீதிபதி 9, 6 ஆகிய இரண்டையும் அடுத்தடுத்தும், எஞ்சிய 3 மாதத்தை அவற்றுடன் ஒருசேரவும் அனுபவிக்குமாறு ஆணையிட்டால், மொத்தம் 18 அன்று, 15 மாதம். அவர் ஏற்கெனவே 2 மாதம் விசாரணைக் காவலில் இருந்து, தண்டனை காவலில் வைக்கப்பட்ட நாளிலிருந்து தொடங்குவதாக நீதிபதி உத்தரவிட்டால், அந்த இரண்டு மாதமும் கழிந்துவிடும். ‘எந்தத் தேதியிலிருந்து?’ என்று வழக்கறிஞரிடம் மறவாமல் கேளுங்கள். வழக்கமாகத் தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் தண்டனைக் கழிவு (எஞ்சிய காலத்தைச் சிறைக்கு வெளியே கழிக்கும் சலுகை) கிடைக்கும் என்பதால், இவர் மொத்தம் 10 மாதத்தில், அதாவது தீர்ப்பு நாளிலிருந்து ஏறத்தாழ 8 மாதத்தில் வெளியே வரலாம்.

ஆனால், எஞ்சிய 5 மாதம் தள்ளுபடி ஆகிவிட்டதாக எண்ணக் கூடாது. 2014 முதல் இந்தக் கழிவு நிபந்தனைக்கு உட்பட்டது. அந்தக் காலத்தில் மீண்டும் குற்றம் புரிந்து தண்டனை பெற்றால், புதிய குற்றத்துக்கான தண்டனையோடு, குற்றம் நடந்த நாளில் மீதமிருந்த காலத்துக்கு மிகாமல் கூடுதல் சிறையும் விதிக்கப்படலாம். ஆயுள் தண்டனையின் கணக்கு முற்றிலும் வேறு. 1997ஆம் ஆண்டின் அப்துல் நாசிர் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு நடந்த குற்றங்களைப் பொறுத்தவரை அது 20 ஆண்டு அன்று, எஞ்சிய வாழ்நாள் முழுவதும்.

சாங்கிச் சிறைக்குள் கழியும் காலத்தை வெளியிலிருந்து முழுமையாக அறிய முடியாது. கைதிகள் கட்டிலின்றித் தரையில் பாய் விரித்து உறங்குகிறார்கள். நேரில் பார்க்கப் போகும் குடும்பத்தினர் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அமர்ந்து தொலைபேசிக் கருவியில் பேச வேண்டும். கையைப் பிடிக்க முடியாது. குழந்தையை அழைத்துச் செல்ல எண்ணுவோர் இதை முன்கூட்டியே அதனிடம் சொல்லிவிடுவது நல்லது. காணொளிச் சந்திப்பும் கடிதமும் உண்டு. வீட்டு வருமானம் நின்றுபோனால், கடன் ஏறும்வரை காத்திராமல் சமூகச் சேவை அலுவலகத்தையோ குடும்பச் சேவை நிலையத்தையோ நாடுங்கள். தீர்ப்பில் பெயர் இல்லாவிட்டாலும் தண்டனையில் ஒரு பங்கைக் குடும்பமும் சுமக்கிறது. வேலை அனுமதியில் வந்த தமிழகத் தொழிலாளர் என்றால் பாதிப்பு இன்னும் பெரிது. பொதுவாக அனுமதி ரத்தாகி, தண்டனை முடிந்ததும் ஊருக்கு அனுப்பப்படுவார். திரும்பி வரவும் தடை இருக்கும்.

விடுதலைக்குப் பிந்திய நிலையை அளக்க, மீண்டும் குற்றம் புரிவோர் விகிதத்தைப் பார்க்கலாம். 1998இல் விடுதலையானவர்களில் சுமார் 44 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடி சிக்கினார்கள். அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியுள்ளது. இடையில் 2004இல், முன்னாள் கைதிகளுக்குச் சமூகம் மறுவாய்ப்பு தர ஊக்குவிக்கும் மஞ்சள் நாடாத் திட்டம் தொடங்கியது; சிறைக்குள்ளேயே வேலைப் பயிற்சியும் ஆலோசனையும் விரிவடைந்தன. எனினும் இரண்டு ஆண்டு என்பது குறுகிய அளவுகோல். ஐந்து ஆண்டுக் கணக்கில் அந்த விகிதம் வெகுவாக உயர்கிறது.

குற்றப் பதிவைப் பற்றி ஒரு நுணுக்கம் உண்டு. மூன்று மாதத்துக்கு மிகாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மிகாத அபராதமோ பெற்று, வேறு குற்றப் பதிவும் இல்லாதவர், தொடர்ந்து 5 ஆண்டு குற்றமின்றி இருந்தால், சில கடுமையான குற்றங்கள் நீங்கலாக, அவரது பதிவு காலாவதியானதாகக் கருதப்படும். அதன்பின் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது குற்றப் பதிவு இல்லை என்றே கூறலாம். ஆகவே, மூன்று மாதச் சிறைக்கும் மூன்று மாதம் ஒரு வாரச் சிறைக்கும் உள்ள வேறுபாடு வெறும் ஏழு நாள் அன்று. சிறிய குற்றங்களில் தண்டனைக் குறைப்புக்காக வாதாடும்போது இதை வழக்கறிஞருடன் பேசிவிடுங்கள். 2011 முதல் நடப்பில் உள்ள சமூகச் சேவை ஆணை, அதிகபட்சம் 14 நாள் கொண்ட குறுகியகாலத் தடுப்பு ஆணை போன்றவற்றுக்கு வாய்ப்பு உண்டா என்றும் விசாரியுங்கள்.

தண்டனை மிகையெனத் தோன்றினால், தீர்ப்பு நாளிலிருந்து 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். வசதி குறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகத்தில் உதவி கேட்கலாம். அரசுத் தரப்பும் தண்டனையைக் கூட்டக் கோரி மேல்முறையீடு செய்யக்கூடும் என்பதை அந்த முடிவை எடுக்குமுன் கணக்கில் கொள்ளுங்கள்.