சாங்ஷன் ஆர்டர் வேறு, பைசா வேறு

போன மாதம் எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒரு டப்பா லட்டோடு என் அறைக்கு வந்தாள். முதல் ஆராய்ச்சி புராஜெக்ட் கிடைத்துவிட்டது. மூன்று வருடம், டெல்லிப் பணம். சாங்ஷன் ஆர்டரை, அதாவது பணம் ஒதுக்கிய உத்தரவை, போனில் காட்டினாள். வாழ்த்திவிட்டு, லட்டைக் கையில் வைத்துக்கொண்டே, கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன்.

"அது ஆபீஸ்ல பாத்துக்கிடுவாங்க டீச்சர்."

லட்டு அதற்கப்புறம் இறங்கவில்லை. 2016இல் நானும் இதையேதான், இதே சந்தோஷத்தோடு சொன்னேன்.

நான் இருப்பது மார்த்தாண்டம் பக்கம். உயிரியல் படித்துவிட்டு ஆராய்ச்சி வேலை தேடும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் களியக்காவிளையில் திருவனந்தபுரம் தம்பானூருக்கு பஸ் ஏறுகிறவர்கள். ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையம், ஸ்ரீகாரியத்தில் கிழங்கு ஆராய்ச்சி நிலையம், பாலோட்டில் தாவரவியல் பூங்கா, விதுராவில் ஐசர் என்ற அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் என்று எல்லாமே கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. போவதற்கு முன்னும், போய் அடிபட்டுத் திரும்பிய பின்னும் என்னிடம் வருவார்கள். வேலை தருகிறேன் என்று பணம் கேட்பவனை நம்பாதே, காசுக்கு அச்சடிக்கும் இதழில் கட்டுரை போடாதே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மீதி எத்தனை மாதம் என்று கேட்காமல் சேர்வது

விளம்பரத்தில் 'திட்டக் காலம் மூன்று ஆண்டுகள்' என்று இருக்கும். அது திட்டத்தின் வயது, உங்கள் வேலையின் வயது இல்லை. முன்னால் இருந்தவர் பாதியில் போயிருப்பார். திட்டம் தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகியிருக்கும். நீங்கள் சேரும்போது மிச்சம் இருப்பது இருபத்திரண்டு மாதம். பிஎச்டிக்கு யுஜிசியின் 2022 விதிப்படி குறைந்தபட்சமே மூன்று வருடம். மிச்சத்துக்கு யார் சம்பளம் தருவார்கள்?

நெட் தேர்வு எழுதி உங்கள் பெயருக்கே ஃபெலோஷிப் வாங்கியிருந்தால் கதை வேறு. ஜேஆர்எஃப் என்ற இளநிலை உதவித்தொகை இரண்டு வருடம், எஸ்ஆர்எஃப் என்ற முதுநிலை உதவித்தொகை மூன்று வருடம் என்று அது உங்களோடே வரும். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய். புராஜெக்ட் வேலையில் திட்டம் முடியும் நாளில் நாற்காலியும் முடியும். நேர்முகத்தில் மூன்று கேள்வி கேட்க வெட்கப்பட வேண்டாம். திட்டம் என்று தொடங்கியது, உங்களிடம் பிஎச்டி பதிய இடம் இருக்கிறதா, முன்னால் இருந்தவர் ஏன் போனார். மூன்றாவதற்கு வரும் பதிலைவிட, அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

பணம் இருக்கும் பக்கம் பார்த்துத் தலைப்பு எழுதுவது

எழுதினால் கிடைக்கவும் கூடும். கிடைத்தால் மூன்று வருடம் அதைச் செய்து தொலைக்க வேண்டும்.

கணக்குப் பார்ப்பது ஆபீஸின் வேலை என்று இருப்பது

இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகியும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் முதல் புராஜெக்ட் தேனீ. எங்கள் ஊரில் ரப்பருக்கு அடியில் தேனீப் பெட்டி வைக்காத வீடு குறைவு. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்ந்து தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் சுரப்பது அது. பிப்ரவரி, மார்ச்சில்தான் பெட்டி நிறையும். பெட்டிக்குள் இருப்பது இந்தியத் தேனீ. அதன் புழுவைக் கொல்லும் ஒரு வைரஸ் உண்டு, தாய் சாக்புரூட். 1976இல் தாய்லாந்தில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். புழு கூட்டுப்புழு ஆகாமல், தோலுக்குள் நீர் கோர்த்து, சின்னப் பை மாதிரி ஊறிச் சாகும். 1991, 92இல் தென்னிந்தியா முழுக்கப் பெட்டிகளைக் காலி செய்தது இதுதான். இப்பவும் வந்து வந்து போகிறது. எந்தப் பெட்டியில் வருகிறது, எதில் வருவதில்லை, ஏன் என்பது என் கேள்வி.

2016 அக்டோபரில் முதல் தவணை வந்தது. தவணை என்ற சொல்லை அன்றைக்கே உற்றுப் பார்த்திருக்க வேண்டும். சாங்ஷன் ஆர்டரில் போட்டிருக்கும் மொத்தத் தொகையை ஒரேயடியாக யாரும் தருவதில்லை. கருவி வாங்கும் பணமும் முதல் வருடச் செலவும் முதலில் வரும். நிதியாண்டு முடிந்ததும் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது யூசி, செலவு அறிக்கையோடு போக வேண்டும். அது சரியாக இருந்தால்தான் அடுத்த தவணை. அதிலும் தலைப்புத் தலைப்பாகப் பணம். கருவிக்கு வந்ததில் மிச்சம் இருக்கிறது என்று கெமிக்கல் வாங்க முடியாது, பயணத்துக்கு வந்ததில் சம்பளம் கொடுக்க முடியாது.

2017 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நானும் என் புராஜெக்ட் பையனும் அருமனை, குலசேகரம், பேச்சிப்பாறை, அந்தப் பக்கம் வெள்ளறடை என்று ஸ்கூட்டரில் அலைந்து தேனீப் புழுக்களை மாதிரிக்காகச் சேர்த்தோம். 140 குழாய். அப்படியே மைனஸ் 80 ஃப்ரீசரில் போட்டோம். ஆர்என்ஏ பிரிக்கும் கிட் வாங்க முதல் வருடக் காசில் மிச்சம் இல்லை. இரண்டாம் தவணை ஜூனில் வந்துவிடும், வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

மே மாதம் ஆபீஸில் யூசி தயாரித்தார்கள், ஆடிட்டர் கையெழுத்துப் போட்டார், நானும் படித்துப் பார்க்காமல் போட்டேன். அது 19-ஏ என்ற படிவம். அந்த வருடம் மார்ச்சிலேயே மத்திய அரசின் பொது நிதி விதிகள் புதிதாகி, 19-ஏ போய் 12-ஏ வந்திருந்தது. ஆபீஸில் பழைய படிவத்தையே நகல் எடுத்து நிரப்பிவிட்டார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. திட்டப் பணம் சேமிப்புக் கணக்கில் கிடந்த ஆறு மாதத்துக்கு வங்கி வட்டி போட்டிருந்தது. 9,416 ரூபாய். அந்த வட்டியை யூசியில் காட்டவே இல்லை. புதிய விதியில், மானியத்தில் கிடைத்த வட்டியை அரசின் தொகுநிதியில் கட்டாயம் திருப்பிக் கட்ட வேண்டும். முன்பெல்லாம் அடுத்த தவணையில் கழித்துக்கொள்வதும் நடக்கும். ஆபீஸில் அந்தப் பழக்கத்திலேயே இருந்தார்கள்.

ஜூலைக் கடைசியில் யூசி தபாலில் திரும்பி வந்தது. ஆபீஸில் ஒரு ஃபைலுக்குள் போனது. நான் ஆகஸ்டில் கேட்கிறேன், "அனுப்பியாச்சே டீச்சர்" என்கிறார்கள். செப்டம்பரில் நானே ஃபைலைப் புரட்டியபோதுதான் திரும்பி வந்த கவர் கையில் கிடைத்தது. வட்டிக்கு டிடி எடுத்து, புதுப் படிவம் நிரப்பி, ஆடிட்டரைத் தேடினால் அவர் வருமான வரி வேலையில் மூழ்கியிருக்கிறார். மறுபடி அனுப்பியது அக்டோபர் நடுவில்.

இதற்கிடையில் ஏப்ரலிலிருந்து பையனுக்குச் சம்பளம் இல்லை. அப்போது ஜேஆர்எஃப் 25,000. அவன் அப்பா ரப்பர் வெட்டுகிறவர். மாதக் கடைசியில் வாசலில் நின்று, "பைசா எப்பம் வரும் டீச்சர்?" என்பான். அடுத்த மாசம் என்பேன். என் கையிலிருந்து கொஞ்சம் கொடுத்தேன். எத்தனை மாதம் கொடுக்க முடியும்? அக்டோபரில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை கிடைத்துப் போய்விட்டான். போனது சரிதான். அவனுக்கு முன்னால் எனக்கு நாக்கு எழவில்லை.

நவம்பர் 30, ஒக்கிப் புயல். எங்கள் மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்த வாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கம்பங்கள் சாய்ந்து எங்களுக்கு ஒன்பது நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை; கிடைத்த கொஞ்சம் டீசலும் ஹாஸ்டல் தண்ணீர் மோட்டாருக்குப் போனது, போகவும் வேண்டும். கடலுக்குப் போன மனிதர்கள் திரும்பாத வாரத்தில் புழுவுக்காக யாரிடம் போய்ப் பேசுவது? தாய் சாக்புரூட் ஆர்என்ஏ வைரஸ். ஆர்என்ஏ டிஎன்ஏ மாதிரி தாங்காது. உறைந்த திசு உருகியதும் அதிலிருக்கும் நொதிகளே அதைத் தின்றுவிடும். பத்தாம் நாள் ஃப்ரீசரைத் திறந்தேன். நாற்றத்தை வைத்தே தெரிந்துவிட்டது.

கிட் ஜூனில் வந்திருந்தால் ஆகஸ்டுக்குள் எல்லாவற்றையும் ஓட்டி முடித்திருப்போம். புயலைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 9,416 ரூபாயைத்தான் சொல்வேன். இரண்டாம் தவணை 2018 பிப்ரவரியில் வந்தது. வந்த அதே வாரத்தில் ஆபீஸிலிருந்து ஒரு சுற்றறிக்கை: மார்ச் 15க்குப் பிறகு கொள்முதல் கோப்பு எதுவும் எடுக்கப்பட மாட்டாது.

இந்த மார்ச்சைத் தனியாகச் சொல்ல வேண்டும். தேனீக்கு மார்ச் பெட்டி நிறையும் மாதம், கஜானாவுக்கு மார்ச் கதவு சாத்தும் மாதம். வயலில் இருக்க வேண்டிய நாளில் பில்லோடு வரிசையில் நிற்போம். தவளை, நெல், கொசு என்று பருவத்தை நம்பி வேலை செய்கிற யாரும் விண்ணப்பம் எழுதும்போதே இரண்டு நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பருவத்துக்கு வேண்டிய கிட்டை முதல் வருடச் செலவிலேயே கேளுங்கள். அதிகமாகத் தெரியுமே என்று கூச்சப்பட்டுத்தான் நான் இரண்டாம் வருடத்துக்குத் தள்ளினேன்.

இப்போது பல திட்டங்களில் பணம் கல்லூரிக் கணக்குக்கு வந்து படுப்பதே இல்லை. பூஜ்ய இருப்புக் கணக்கு. செலவு செய்யும் வரம்பு மட்டும் தருகிறார்கள். ஆகவே வட்டித் தொல்லை குறைந்தது. ஆனால் மார்ச் 31க்குள் செலவாகாத வரம்பு போனது போனதுதான், அடுத்த ஏப்ரலில் புதிதாகக் கேட்டு நிற்க வேண்டும். எந்த முறையாக இருந்தாலும் ஆபீஸ் புத்தகம் ஒன்று, உங்கள் கையில் ஒரு நோட்டு. தலைப்புவாரியாக, தேதியோடு. படிவத்தை அந்த வருடத்து இணையதளத்திலிருந்து நீங்களே இறக்குங்கள். ஏப்ரல் முதல் வாரமே ஆடிட்டர் வீட்டுப் படி ஏறுங்கள். அனுப்பியதற்கு ரசீது, கிடைத்ததற்கு ஒரு மெயில், இரண்டும் கையில் இருக்கும்வரை அனுப்பியாச்சு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மாதிரியை ஒரே ஃப்ரீசரில் வைப்பது

பாதி இங்கே, பாதி எல்லைக்கு அந்தப் பக்கம். திருவனந்தபுரத்தில் ஒரு தோழியின் ஆய்வகத்தில் எனக்கு இப்போது ஒரு தட்டு இருக்கிறது. வாடகை, வருடத்துக்கு இரண்டு போத்தல் தேன்.

பழைய கொட்டேஷனை வைத்து பட்ஜெட் போடுவது

விண்ணப்பத்துக்கும் கொள்முதலுக்கும் நடுவே ஒன்றரை வருடம் போய்விடும். அதற்குள் டாலர் ஏறும், வரி மாறும். பொது ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகையை 2022 ஜூலை 18இல் எடுத்துவிட்டார்கள். பெரும்பாலான கருவிகளுக்கு 18 ஆனது. பத்து லட்ச ரூபாய்க் கருவிக்கு 1,30,000 கூடுதல். சாங்ஷன் ஆன தொகையோ ஏறாது. அப்போது பலர் சின்னக் கருவி வாங்கினார்கள். சிலர் வாங்கவே இல்லை. பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் ஸ்டெபிலைசருக்கும் இப்பொழுதே ஒரு வரி எழுதிவிடுங்கள். எங்கள் ஊர் வோல்டேஜ் ஜெர்மன் கம்பெனிக்குத் தெரியாது.

வயதைப் பார்க்காமல் காத்திருப்பது

பிஎச்டி முடித்தவர்களுக்கான இன்ஸ்பயர் ஃபேகல்டி ஃபெலோஷிப்புக்கு பொதுப்பிரிவில் வயது வரம்பு 32. 'இன்னொரு பேப்பர் வரட்டும்' என்பவர்களுக்கு 33 ஆகும்.

காட்டுக்கு இரண்டு அரசு இருப்பதை மறப்பது

அகத்தியமலை நமக்கு ஒரே மலை. 1956 நவம்பர் 1க்கு முன்னால் எங்கள் தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சிதான். என் பாட்டிக்கு திருவனந்தபுரம்தான் தலைநகர். ஆனால் காட்டுக்குள் ஒரு இலை கிள்ளவும் காகிதம் வேண்டும். களக்காடு முண்டந்துறைக்கு தமிழ்நாட்டு வனத்துறை, நெய்யாறுக்கும் பேப்பாறைக்கும் கேரள வனத்துறை. ஒன்று மற்றதில் செல்லாது. இரண்டுக்கும் தனித்தனியாக மாதக்கணக்கில் ஆகும், ஆகவே பணம் வந்ததும் கேட்கலாம் என்று இருக்காமல் விண்ணப்பம் போட்ட கையோடு தொடங்குங்கள். வெளிநாட்டுக் கூட்டாளிக்கு மாதிரி அனுப்பும் எண்ணம் இருந்தால் சென்னைத் தரமணியில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளையும் முதலிலேயே படித்துவிடுங்கள்.

என் மாணவி ஒருத்தி தமிழ்நாட்டு அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு மலைத்தேனீயைத் தேடிப் போய், தெரியாமல் அந்தப் பக்கம் இறங்கிவிட்டாள். வனக் காவலர் கடிதத்தை முழுசாகப் படித்தார். "மோளே, இது இவிட செல்லாது" என்றார். உட்காரவைத்துச் சாயா வாங்கிக் கொடுத்தார். குழாய்களைத் திருப்பித் தரவில்லை.